பெரட்டுக்களம் வரை வராத அறிவித்தல்

இலங்கையின் வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகிறது. அதன் நான்காம் பகுதியின் (ஆ) பிரிவு உள்ளூராட்சிக்கு உரியது. எந்தப் பிரதேச சபை வரும் ஆண்டுக்கு எவ்வளவு வரி விதிக்கிறது, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு அனுமதிக் கட்டணம், எந்தத் துணைவிதி எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பவை அங்கே அச்சாகின்றன. அச்சானதும் அந்தச் சபையின் எல்லைக்குள் வாழும் எல்லோருக்கும் அறிவித்தாகிவிட்டது என்று நிர்வாகம் கொள்கிறது. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே இருக்கிறது றொசல்ல புகையிரத நிலையம். அதைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், வாழ்வோருக்கும் அந்த வெள்ளிக்கிழமையோடு செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாகவே கணக்கு.

அந்தக் கணக்கு எப்படி உருவானது, யாரை மனத்தில் வைத்து உருவானது என்பதுதான் இங்கே ஆராயப்படுகிறது. காணி எடுப்பது, வலயம் வகுப்பது, அணை கட்டுவது, வீதி ஒப்பந்தம் கொடுப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் இலங்கைச் சட்டங்களில் அறிவித்தல் விதிகள் உண்டு. அவற்றை வரிசையாகப் படித்தால் மூன்று பேர் திரும்பத் திரும்ப வருகிறார்கள்: காணியின் உரிமையாளர், வரி செலுத்துபவர், கேள்விமனு போடும் ஒப்பந்தக்காரர். தோட்டத்து மனிதர் இந்த மூவரில் ஒருவராக இருப்பது மிக அரிது. ஆகவே அறிவித்தல் அவரிடம் போகாததற்கு ஓர் எழுதுவினைஞரின் அசட்டையைக் காரணமாகச் சொல்லி நிறுத்திவிட முடியாது. சட்டம் அவரை முகவரியாளராகக் கருதவே இல்லை.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைகளின் வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது தோட்டங்களில் குடியிருந்த இந்தியத் தொழிலாளர்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அன்றைய இந்திய அரசாங்கம் ஆட்சேபம் தெரிவித்தும் தோட்டம் கிராமச் சபைக்கு வெளியேதான் நின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கதை முடிய 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம் என்ற நிலை வந்த பிறகும், அச்சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று சொல்லிவந்தார்கள். தோட்டத்து வாக்கில் தெரிவான உறுப்பினர் தோட்டத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்டக்கூட முடியாமல் நின்ற காலம் அது. 2018இல்தான் அந்தத் தடை திருத்தச் சட்டத்தால் நீங்கியது.

அதே 2018இல் நுவரெலியா மாவட்டத்தில் சபைகளும் பிரிக்கப்பட்டன. அதுவரை அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரதேச சபைகளும் தனித்தனியே ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களைச் சுமந்துகொண்டிருந்தன. அம்பகமுவவிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளும், நுவரெலியாவிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் பிறந்தன. சபை அலுவலகம் அருகில் வந்தால் அதன் அறிவித்தல் பலகையும் அருகில் வரும் என்று நம்பலாம். ஆனால் பலகையின் தூரத்தைக் குறைத்ததால் மட்டும் அறிவித்தல் யாரை நோக்கி எழுதப்படுகிறது என்பது மாறிவிடவில்லை.

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். பொதுத் தேவைக்குக் காணி வேண்டும் என்று முதலில் கருதும் கட்டத்தில், 2ஆம் பிரிவின்படி சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அறிவித்தல் எழுதி, அந்தப் பகுதியில் கண்ணில் படும் இடங்களில் ஒட்ட வேண்டும். 1950இலேயே தமிழையும் சேர்த்து எழுதிய விதி என்பதை மதிக்கத்தான் வேண்டும். 4ஆம் பிரிவு அடுத்த படி. காணி எடுக்க எண்ணியிருப்பதாகவும், பதினான்கு நாளுக்குக் குறையாத ஒரு தவணைக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்றும் அது அறிவிக்கச் சொல்கிறது. அந்த அறிவித்தல் நேரடியாகப் போக வேண்டியது உரிமையாளருக்கு.

தோட்டத்தில் உரிமையாளர் யார்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. குத்தகைக்காலம் 53 ஆண்டு என்பதால் 2045 வரை ஓடும். சட்டத்தின் கண்ணில் காணி அரசுடையது, அனுபவம் கம்பனியுடையது. நான்கு, ஐந்து தலைமுறையாக அந்த மண்ணில் பிறந்து, அதிலேயே பிள்ளை பெற்று, அதிலேயே புதைக்கப்பட்ட குடும்பத்துக்கு அந்தத் தாளில் இடமில்லை. லயத்தை ஒட்டிய காய்கறிப் பாத்தியின் குறுக்கே வீதி போகும் என்றால், அந்தச் செய்தி கம்பனிக்கு உரிய முறையில் போகும். பாத்தியை வெட்டியவருக்கு அளவுகோலோடு ஆட்கள் வந்து நிற்கும்போது தெரியும்.

முகவரிச் சிக்கலும் இதோடு பின்னிக் கிடக்கிறது. லயத்தில் தனித்தனிக் காம்பராக்களுக்கு முகவரி இல்லாத தோட்டங்கள் இன்னும் பல. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறிப் போவதே நெடுங்கால வழக்கம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து வந்து சேர்ந்தது என்ற முறைப்பாட்டைக் கேட்காத மலையகக் குடும்பம் இருக்குமா தெரியவில்லை.

1950இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்த மல்லேன் வழக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு வங்கி, தான் நிர்வகித்த நிதியத்தின் பயனாளிகளுக்குப் பத்திரிகை விளம்பரத்தால் மட்டும் அறிவித்துவிட்டு, கடமை முடிந்தது என்றது. பயனாளிகளின் பெயரும் முகவரியும் கையில் இருக்கும்போது அது போதாது என்றது நீதிமன்றம். உண்மையாகவே தெரிவிக்க விரும்பும் ஒருவர் எந்த வழியைத் தேர்வாரோ அந்த வழியில் அறிவிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். முகவரி தெரியாதவர்களுக்குப் பத்திரிகை விளம்பரம் போதும் என்றும் அதே தீர்ப்பு ஏற்றது. தனி முகவரி இல்லாத லயத்துக்காரர் அப்படியானால் இரண்டாம் வகைக்குள் போய்விடுவாரா? போக வேண்டியதில்லை என்பது என் வாதம். தோட்டத்தின் செக்றோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் டிவிசனும் இருக்கின்றன. வாக்காளர் இடாப்பில் லயம்வாரியாகப் பெயர்கள் இருக்கின்றன. தேர்தல் வரும்போது வாக்காளர் அட்டை லயத்து வாசல்வரை வந்துவிடுகிறது. வாக்குக் கேட்க முகவரி தெரிந்த அரசுக்கு, வீதி வெட்டும்போது அது தெரியாமல் போவதை ஒரு சமாதானமாக ஏற்க முடியாது.

மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் இங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின் கீழ் 1999ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான பிரகடனத்தால் அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவு இருமொழி நிர்வாகப் பிரிவாயிற்று. சிங்களத்தில் மட்டும் ஒட்டப்படும் அறிவித்தல் அங்கே குறையுள்ள அறிவித்தல். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிட எவருக்கும் உரிமை உண்டு. இந்தியாவில் 2020இல் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் புதிய வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டபோது, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கும்படி தில்லி உயர் நீதிமன்றம் பணித்தது. கருத்துச் சொல்லும் காலக்கெடுவும் நீண்டது. வாசிக்க முடியாத வரைவுக்குக் கருத்துக் கேட்பதில் பொருளில்லை என்பதை ஒரு நீதிமன்றம் எழுத்தில் ஏற்ற தருணம் அது.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டில் இலங்கையின் விதியும் நல்ல விதிதான். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் செய்யப்பட்ட திருத்தம், மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, முப்பது நாள் பொதுமக்களின் கருத்துக்குத் திறந்து வைக்கச் சொல்கிறது. பொதுநலன் கருதிப் பகிரங்க விசாரணையும் நடத்தலாம். நூறு குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்க்கும் திட்டமும், 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட எந்த நீர்மின் நிலையமும் இதற்குள் வரும். றொசல்லவிலிருந்து ஹட்டன், கொட்டகலை தாண்டினால் தலவாக்கலை. அங்கே எழுந்த 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டம் இந்த விதியின் வழியே போன திட்டங்களில் ஒன்று. முதலில் மத்திய சுற்றாடல் அதிகார சபை அனுமதி மறுத்தது. மின்சார சபை மேன்முறையீடு செய்தது. சென்கிளேயர் நீர்வீழ்ச்சியின் பெயரால் சுற்றாடல் அமைப்புகளும், இடம்பெயரும் மக்களின் பெயரால் மலையக அரசியல் தலைவர்களும் குரல் எழுப்பினார்கள். 1998இல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்து, 2012இல் நிலையம் இயங்கத் தொடங்கியது. முடிவு சரியா பிழையா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. ஆனால் வாதம் நடந்தது, பல ஆண்டுகள் பகிரங்கமாக நடந்தது, அந்த வாதத்தால் நிபந்தனைகளும் வந்தன. அறிவித்தல் வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலையகத்தில் காட்டக்கூடிய பெரிய உதாரணம் அதுதான்.

பெரிய அணைக்குக் கிடைத்த இந்த வெளிச்சம் சிறிய திட்டங்களுக்குக் கிடைப்பதில்லை. 50 மெகாவாற்றுக்குக் கீழ்ப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் ஆரம்பச் சுற்றாடல் பரீட்சை போதுமானதாகிறது. அந்த அறிக்கையைப் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கும் கட்டாயத்தை 2000ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கிவிட்டது. கினிகத்தேன, வட்டவளைப் பக்கத்துச் சிற்றாறுகள் மழை வளத்தால் சிறு நீர்மின் நிலையங்களுக்கு ஏற்றவை. ஓர் ஓடையைக் குழாயில் திருப்பும்போது அதில் துணி துவைப்பவருக்கும், குடிநீர் எடுப்பவருக்கும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுபவருக்கும் அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டிய கடமை யாருக்கும் எழுத்தில் இல்லாமல் போயிற்று. 2000ஆம் ஆண்டின் அந்தத் திருத்தத்தை மீளப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதே ஆண்டில்தான், எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் உச்ச நீதிமன்றம், சுற்றாடல் மதிப்பீட்டு நடைமுறையைச் சுற்றிக்கொண்டு போகும் ஒப்பந்தம் குடிமக்களின் அடிப்படை உரிமைகளை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. ஒரே ஆண்டில் நீதிமன்றம் திறந்த கதவைப் பாராளுமன்றம் ஓரளவு சாத்தியது.

இந்தியாவின் 2006ஆம் ஆண்டு விதியில் ஓர் உட்பிரிவு மலையகத்துக்கு மிகவும் பொருந்தும். பகிரங்க விசாரணைக்கு முப்பது நாள் முன்னதாகத் தேசியப் பத்திரிகை ஒன்றிலும் வட்டார மொழிப் பத்திரிகை ஒன்றிலும் அறிவிக்க வேண்டும். பத்திரிகை போகாத ஊர்களில் பறையறைந்தோ வானொலி, தொலைக்காட்சி வழியாகவோ சொல்ல வேண்டும். ஒரு நவீன அரசின் சுற்றாடல் விதிக்குள் பறை இருக்கிறது!

தோட்டத்திலும் அது இருந்தது. விடியுமுன் தப்படித்து ஆட்களை எழுப்பி, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, எந்த மலையில் கொழுந்து, எந்த மலையில் கவ்வாத்து என்று பிரித்தனுப்பிய ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலைத்துவிட்டது. வேலை பற்றிய செய்தி தோட்டத்தில் ஒருவரையும் தவறவிட்டதில்லை. செய்தி பரப்ப மலையகத்தில் வழியில்லை என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் பழைய பெரட்டை அப்படியே பொது அறிவித்தலின் இடமாக்கிவிடலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அது தொழில் கொடுப்பவரின் களம். அங்கே எதை வாசிப்பது, எதை விடுவது என்ற தீர்மானம் துரையின் கையில் இருக்கும். மேலும் இன்றைய லயத்தில் வாழும் எல்லோரும் செக்றோலில் இல்லை. கொழும்புக் கடைகளில் வேலை செய்து மாதம் ஒருமுறை வருபவர், மத்திய கிழக்குக்குப் போனவர், ஹட்டன் கடைவீதியில் கூலிக்குப் போகிறவர், ஓய்வுபெற்ற முதியவர், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லோரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடம், கோயில் ஒலிபெருக்கி, பாடசாலை, பிள்ளைக் காம்பரா, ஓட்டோ நிறுத்துமிடம் என்று பல வாய்கள் வேண்டும்.

தகவல் வாசலுக்கு வந்தாலும் அது போதாமல் போன இடம் ஒன்று உண்டு. பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் இருந்தன. தாளில் அறிவித்தல் இருந்தது. ஆனால் எழுந்து போகச் சொல்லப்பட்டவர்களுக்குப் போய்க் குடியிருக்கத் தகுந்த இடம் கிடைத்திருக்கவில்லை. சொந்தமாக ஒரு பேர்ச்சும் இல்லாத குடும்பம், வேலையும் வீடும் ஒரே தோட்டத்தில் கட்டப்பட்ட குடும்பம், “அபாயம்” என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் எங்கே போகும்? சரிவுக்குப் பிறகு தப்பியவர்களுக்குப் புது வீடு கிடைக்கவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எடுத்தன. அந்தக் காணியும் அந்த வீடுகளும் 2005இலேயே கிடைத்திருந்தால் எச்சரிக்கை உயிர் காத்திருக்கும்.

மீரியபெத்தையைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும், அறிவித்தல் என்பதற்கு நம் சட்டங்கள் கொடுக்கும் வரையறை எவ்வளவு குறுகியது என்று தோன்றுகிறது. என்ன நடக்கப்போகிறது, எப்போது நடக்கும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. நீங்கள் யாரிடம், எந்த நாளுக்குள் பதில் சொல்லலாம்? உங்கள் பதிலுக்கு யார் விளக்கம் தர வேண்டும்? இங்கிருந்து போக வேண்டுமானால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? இந்த மூன்றும் இல்லாத தாள், கொடுத்தவரின் பாதுகாப்புக்காகக் கோவையில் இருக்கும் தாள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பின், மத்திய மலைநாட்டில் எங்கே குடியிருக்கலாம், எங்கே கூடாது என்ற வரைபடங்கள் இன்னும் கவனமாக வரையப்பட வேண்டியிருக்கின்றன. அவை வலய வரைபடங்களாகவும் மாறும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் சட்டம் அபிவிருத்தித் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்கச் சொல்கிறது. ஹட்டன் கடைக்காரர் தம் கடைக்காக அதைப் போய்ப் பார்ப்பார். வரைபடத்தில் தம் லயத்தின்மேல் சிவப்பு விழுந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்க, கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒருநாள் சம்பளம் போகும்.

ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டி, தேசிய போட்டி விலைமனுக்களுக்கு ஆகக் குறைந்தது 21 நாள் கொடுக்க வேண்டும் என்றது. 2025 சனவரி முதல் புதிய வழிகாட்டிகள் நடைமுறையில் உள்ளன. இந்த அறிவித்தல்கள் எழுதப்படுவது ஒப்பந்தக்காரருக்கு. அதில் தவறில்லை, அவர்தான் விலை சொல்ல வேண்டும். அந்தப் பாதையில் நடக்கப்போகிறவருக்கு வேண்டிய அறிவித்தல் இன்னொன்று: எத்தனை மீற்றர் கொங்கிறீற்று, எவ்வளவு தடிப்பு, எவ்வளவு பணம், யார் செய்கிறார், எப்போது முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதற்கு மிக அருகில் வருகிறது. உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமானால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னதாகப் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் விபரம் தெரிவிக்கும் கடமையை அது துறைசார் அமைச்சர்மேல் வைக்கிறது. ஐந்து இலட்சம் என்பது இன்றைய விலையில் ஒரு சிறு பாதைத் துண்டு. ஆகவே அமைச்சுப் பணத்தில் தோட்டத்துக்குள் வரும் அநேக வேலைகள் இதற்குள் அடங்கும். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தை மலையகத்தில் விண்ணப்பம் எழுதிப் பதில் பெறும் கருவியாகவே பலரும் அறிந்திருக்கிறார்கள். கேட்காமலே சொல்ல வேண்டும் என்ற 9ஆம் பிரிவைத் தட்டிக் கேட்பவர் குறைவு.

நடைமுறையில் தோட்டத்துக்குச் செய்தி கொண்டுவருபவர் தொழிற்சங்கத் தலைவரும் சபை உறுப்பினரும்தான். பல தலைவர்கள் தம் கைப்பணத்தில் பஸ் ஏறி ஹட்டனுக்கும் கினிகத்தேனைக்கும் போய் விபரம் அறிந்து வந்து சொன்னவர்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் சங்கம் வழியே வரும் செய்தி சங்கத்தாருக்கு முதலில் போகும். வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல் திறந்திருப்பது மற்றச் சங்கத்துக்காரருக்குப் பட்டியல் மூடிய பிறகு தெரியவரும். உறுப்பினர்களே இல்லாத காலமும் வந்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாக்களிப்பு 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. அந்த ஈராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் சபைகளைச் செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினார்கள். ஒரு மனிதரின் நல்லெண்ணத்தில் தொங்கும் செய்தி வழி, அந்த மனிதர் பதவியில் இல்லாதபோது அறுந்துவிடுகிறது.

இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள், செய்யக்கூடியவையும் இருக்கின்றன. காணி எடுத்தற் சட்டத்தின் 4ஆம் பிரிவில் உரிமையாளரோடு குடியிருப்பவரையும் சேர்ப்பது பாராளுமன்றத்தின் வேலை; அதற்கு மலையக உறுப்பினர்கள் பிரேரணை கொண்டுவர வேண்டும். அதுவரை காத்திராமல் ஒரு பிரதேச சபை தன் தீர்மானத்தாலேயே ஒரு வழமையை ஏற்படுத்தலாம். தமிழ்நாட்டில் கிராம சபை சனவரி 26, மே 1, ஓகஸ்ட் 15, ஒக்டோபர் 2 போன்ற நிலையான நாட்களில் கூடுகிறது. கூட்டம் சரியாக நடக்கிறதா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஆனால் எந்த நாள் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. றொசல்லப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும். சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு பொருத்தமாக இருக்கும்: வெளியூரில் இருப்பவர்கள் வந்திருப்பார்கள், கொழுந்து இருக்காது. அன்று ஒவ்வொரு டிவிசனிலும், ஆபீசுக்கு வெளியே கோயில் முற்றத்திலோ பாடசாலையிலோ, கிராம உத்தியோகத்தரும் சபையின் ஓர் உத்தியோகத்தரும் அந்த மாதத்தின் அறிவித்தல்கள் எல்லாவற்றையும் தமிழில் உரக்க வாசிக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லும் கடைசித் திகதியையும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். வாசித்த நாள், வந்தவர் தொகை, எழுந்த கேள்விகள் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டில் ஏறாத அறிவித்தலின் காலக்கெடு அந்த டிவிசனுக்குத் தொடங்கவில்லை என்று சபை தன் சொந்த அறிவித்தல்களுக்கேனும் கொள்ளலாம். ஆண்டிறுதியில் வரவு செலவுத் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, தோட்டங்களுக்கு ஒதுக்கிய தலைப்புகளை வாக்கெடுப்புக்கு முந்திய ஞாயிறன்று வாசித்து இதைத் தொடங்கலாம்.